உள்ளங்கால் உரைத்த சாட்சியம்

வட்டுக்கோட்டையிலே முதியோர் நால்வர் திண்ணையிற் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றி இறுதியில் சதாசிவம் வழக்கில் வந்து நிற்பதை நாம் இளமையிற் பன்முறை கேட்டதுண்டு. ‘கொன்றவர் யார்?’ என்னும் வினாவுக்கு அங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருந்தது. நீதிமன்றத்திடம் மட்டும் இன்றுவரை விடை இல்லை.

மகாதேவ சதாசிவம் இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக விளங்கியவர். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துப் பெரும் புகழ் கொண்டவர். 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள், கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள வீட்டின் மோட்டார்க் கொட்டகையில் அவருடைய மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கழுத்தின் மீது ஓர் உரல் கிடந்தது.

நோக்கம் என்னவென்று அரச தரப்பினர் தேடி அலையவில்லை. மனைவி விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார். அதற்கான அழைப்பாணை கணவர் கைக்குக் கிடைத்தது முதல் நாள்தான். வேலைக்காரன் வில்லியம், நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானான். எசமான் மாடி அறையிற் கொலை செய்தார் என்றும், தான் உதவி புரிந்தான் என்றும், பின்னர் இருவருமாகச் சடலத்தைக் கீழே கொண்டு வந்தனர் என்றும் அவன் கூறினான்.

இதனைத் திட்டமிட்ட கொலை என்று கொள்வோமாயின், சில ஐயங்கள் எழுகின்றன. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமும் ஆகாத ஒருவனை நம்பி எவரேனும் இத்தகைய செயலில் இறங்குவாரா? கொலை முடித்தவர், பலரும் காணப் பகல் 10:30 மணியளவில் வாடகைக் காரை வருவித்துப் புறப்படுவாரா? மனைவியின் நகைகள் வேலைக்காரன் கைக்குச் சென்றது எங்ஙனம்?

எல்லாவற்றினும் வலிய சாட்சி, இறந்தவரின் உள்ளங்கால்களே. அவற்றில் அழுக்குப் படிந்திருந்தது. எடின்பரோவிலிருந்து வந்த ஸர் சிட்னி ஸ்மித் என்னும் தடயவியல் அறிஞர், அது சமையலறைத் தரையில் வெறுங்காலுடன் நின்றமையைக் காட்டுகிறது என்றார். அவ்வாறாயின் மாடி அறைக் கதை நிலைகுலைகிறது. மரணம் நிகழ்ந்த நேரத்தைக் கணிக்கப் பேராசிரியர் டி சேரம், வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள் எவ்வளவு விரைவில் குளிர்கின்றன என்றும் அளந்தறிந்தார்.

கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். 57 நாள்கள் விசாரணை நடந்தது. 1953 ஜூன் 25ஆம் நாள் ஜூரிமார் ஒருமுகமாக ‘குற்றவாளி அல்லர்’ என்றனர். இருபது மாதச் சிறைவாசத்தின் பின் சதாசிவம் விடுதலை பெற்றார். வில்லியத்தை மன்னிப்பு காத்தது; அவன் குற்றமும் எந்த மன்றிலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

மாணவர்கள் இதிற் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நோக்கம் ஐயத்தைத் தரும்; சான்றைத் தராது. நோக்கம் உடையோர் எல்லோரும் கொலைஞர் எனக் கொண்டிருந்தால், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைத் தூக்குக் கயிறு கொண்டு போயிருக்கும்.

திண்ணைப் பேச்சில் ஆட்டக்காரரும் வழக்கறிஞரும் வேலைக்காரனும் நிறைந்திருந்தனர். நான்கு பெண் பிள்ளைகளைத் தாயற்றவராக விட்டுச் சென்ற அப்பெண்மணியைப் பற்றிப் பேசுவோர் அரியர். தீர்ப்புக் கிடைக்காமற் போனது அவருக்கே.