உங்கள் வீட்டுக்கு நீங்களே மண் சுமந்தால் கூலி உண்டா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கூரைவீட்டைப் பிரித்துவிட்டு அரசுத் திட்டத்தில் தளவீடு கட்டப்போகிறீர்களா? வீட்டுக்கான உத்தரவு கைக்கு வந்ததும் எல்லோரும் தவணைப் பணத்தைத்தான் கணக்குப் போடுவார்கள். உங்கள் குடும்பத்தின் உடல் உழைப்புக்கும் அதில் பணம் ஒதுக்கியிருக்கிறது. பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

என் வீட்டுக்கு நானே வேலை செய்தால் யார் கூலி தருவார்கள்? நூறு நாள் வேலைத் திட்டத்தில் தருவார்கள். அரசு அனுமதித்த வீட்டில் கொத்தனார் வேலை தவிர்த்த சாதாரண உடல் உழைப்புக்கு 90 நாள் கூலி உண்டு. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்துக்கும், 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்துக்கும் இது பொருந்தும். 2025-26இல் நாள் கூலி 336 ரூபாய். 90 நாளுக்கு 30,240 ரூபாய்.

இது தவணைக்கு மேலே வருவதா, தவணைக்குள் அடங்கியதா? பிரதமர் திட்டத்தில் மேலே வருவது. அங்கே ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் 1.20 லட்சத்தோடு, கான்கிரீட் தளத்துக்கென்று தமிழக அரசு தனியாகவும் தருகிறது. 2018இல் கஜா புயலில் கூரை பறந்ததைப் பார்த்த ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துக் குடும்பங்களுக்குத் தளத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கனவு இல்லத்தில் சொல்லப்படும் 3.50 லட்சத்துக்குள்ளேயே இந்தக் கூலி அடக்கம். ஆகவே, வேலை செய்து பதிவாகாவிட்டால் அந்தப் பங்கு உங்களுக்கு வராது.

எந்த வேலையெல்லாம் சேரும்? கடைகால் தோண்டுவது, பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்புவது, கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் விடுவது. ஆள் வைத்தால் சித்தாளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் உங்கள் வீட்டிலேயே நிற்கும். கூலியும் வங்கிக் கணக்குக்கு வரும். கடைகாலை ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டு, ஆள் தோண்டியதாக வருகை போடக் கூடாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் இயந்திரத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடமில்லை.

குடும்பத்தின் கை பெரிதும் பயன்படுவது தண்ணீர் விடுவதில்தான் என்பேன். தளம் போட்ட மறுநாள், மேலே சிமெண்ட் கலவையால் சிறு வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். வெயிலில் மாலைக்குள் அது வற்றிவிடும். மறுபடி குடம் தூக்க வேண்டும். கூலியாள் ஒரு வேளை மறந்துபோவார். அந்தத் தளத்தின் கீழே படுக்கப்போகிறவர் மறக்கமாட்டார். ஈரம் காக்காத தளம் பிறகு வெடிக்கும், ஒழுகும். இரண்டு வாரமாவது நிறுத்தாமல் தண்ணீர் விடுங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்? நூறு நாள் வேலை அட்டையில் உங்கள் குடும்பத்தார் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே ஊராட்சிச் செயலரிடம் சொல்லி உங்கள் வீட்டுக்கு வருகைப் பட்டியல் (யார் எத்தனை நாள் உழைத்தார் என்ற பதிவு) போடச் சொல்லுங்கள். சுவர் எழும்பிய பிறகு முன்தேதியிட்டு யாரும் எழுத முடியாது. இன்னொன்று, நூறு நாள் என்பது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கான வரம்பு. வீட்டுக்கான நாட்களும் அதற்குள்தான் வரும். கண்மாய் வேலைக்குப் போய் ஏற்கெனவே 60 நாள் கழித்திருந்தால் மிச்சம் எத்தனை என்று கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள்.

கூலி உடனே வருமா? 15 நாளில் வர வேண்டும் என்பது விதி. ஆனால் 2024-25இல் தமிழகத்தில் மாதக்கணக்கில் நின்றுபோனது. அதை நம்பிச் சிமெண்டுக் கடன் வாங்காதீர்கள். 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருப்பதால், உங்கள் உத்தரவுக்கு எந்த விதி என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலும் குடும்பமே உழைத்து வீடு கட்டும் வழக்கம் உண்டு. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில், வீடு பெறுபவர் தன் வீட்டிலும் பிறர் வீட்டிலும் சில நூறு மணிநேரம் உழைக்க வேண்டும், கூலி கிடையாது. மாதச் சம்பளக்காரர் விடுமுறை நாளில் அதைச் செய்யலாம். அன்றன்றைய கூலியில் உலை வைக்கும் குடும்பம் 90 நாள் சும்மா உழைத்தால் பட்டினிதான். அதனால் நம் ஏற்பாடே நியாயமானது என்று நினைக்கிறேன்.

வீட்டில் உழைக்க ஆளே இல்லையென்றால்? முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரின் வீட்டைக் கொத்தனார் பயிற்சியின் பகுதியாகக் கட்டித்தரப் பிரதமர் திட்டத்தின் வழிகாட்டு நெறியில் இடமுண்டு. ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நடக்காவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.