மனைக்கு அடியில் மறைந்துள்ள பாத்தியதை

வீட்டு மனை வாங்குவோர் பலரும் வில்லங்கச் சான்றைப் பெற்றவுடன், இனி அச்சமில்லை என்று கருதிக் கிரயத்தை முடித்துவிடுகின்றனர். எமது வட்டாரத்தில் ஒரு விவசாயி அவ்வாறே ஐந்து சென்ட் மனை வாங்கினார். கடைக்கால் தோண்டியபோது மூன்றடி ஆழத்தில் ஒரு குழாய் தென்பட்டது. பக்கத்து நிலத்துக்காரர் தம் தகப்பனார் காலம் முதல் கிணற்று நீரை அவ்வழியே கொண்டு செல்கிறாராம். விற்றவர் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை.

வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். பிறர் நிலத்தின் வழியே நடக்கவும் நீர் கொண்டு செல்லவும் உள்ள பாத்தியதையோ பத்திரமின்றியும் உண்டாகலாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமை என்ற முறையில் 20 ஆண்டுகள் இடையறாது அனுபவித்து வந்தால் அது நிலைபெறும்; அரசு நிலமாயின் 30 ஆண்டுகள். அனுமதி கேட்டு அனுபவித்த காலம் இக்கணக்கில் சேராது. மனை கைமாறினாலும் பாத்தியதை அகலாது.

விற்றவர்மீது வழக்குத் தொடரலாமே எனலாம். அதே 1882இல் இயற்றப்பட்ட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தாம் அறிந்த முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் கண்டிருக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. நமது விவசாயியின் மனையோரத்திலேயே அக்குழாயின் நீர்த்தொட்டி இருந்தது! நாற்புற எல்லையையும் ஒருமுறை நடந்து பார்த்து, அண்டை நிலத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எரிவாயு, பெட்ரோலியக் குழாய்களின் நிலை இன்னும் கடுமையானது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரியவரிடமே இருக்கும்; அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அங்கே பயிரிடலாம், வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. இதற்கென நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு உண்டு. அப்பணம் பழைய உரிமையாளரின் கைக்குப் போயிருக்கும். தடை மட்டும் புதியவரைச் சேரும். ஆகவே, குழாய் செல்லும் பகுதிகளில் புல எண்ணைக் கூறி, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரித்தறிதல் நலம்.

ஊராட்சிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. குடிநீர்க் குழாய்கள் சில ஊர்களில் தனியார் மனையினூடே செல்கின்றன. அவற்றின் பாதை மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் ஒருவருக்கே தெரியும். அவர் பணியிலிருந்து விலகுமுன், அப்பாதையைப் புலப்பட நகலில் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.