குப்பைக் கூடையில் போகும் பறகத்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் பேசிவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் குப்பைப் பையுடன் நின்ற என் துணைவியார், "இஞ்சாருங்க, ஒலிபெருக்கியில கேட்டன், நல்ல பயான்தான். இதையும் ஒருக்காப் பாருங்க" என்றார். பார்த்தேன். முதல் நாள் இரவுச் சோறு, காய்ந்த பாண் துண்டுகள், மீன் குடல், ஏழெட்டு சொப்பின் பைகள். மிம்பரில் நான் செய்த உபதேசம் என் வீட்டு அடுப்படிக்கு வந்து சேரவில்லை!

உங்கள் வீட்டுப் பையையும் ஒருநாள் அவிழ்த்துப் பாருங்கள். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடிய உணவுக் கழிவுதான். அதுவும் பொலித்தீனும் ஒன்றாய்க் கலக்கும்போதுதான் இரண்டும் எதற்கும் உதவாமற் போகின்றன.

இந்தப் பை எங்கே போகிறது? காத்தான்குடியில் சில சதுர கிலோமீற்றர் நிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வாவியோரத்தில் ஒருவர் எறிந்தால், மறுநாள் பத்துப்பேர் எறிகிறார்கள். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. ஆனால் ஆழம் குறைந்தது. கடலோடு சேரும் அதன் முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும் காலத்தில், உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். கண்டல் வேர்களில் சிக்கும் பொலித்தீன், நாம் உண்ணும் மீனும் இறாலும் வளரும் இடத்தைத்தான் கெடுக்கிறது.

ஊருக்கு வெளியே கொட்டினால் தீர்ந்துவிடுமா? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமக்கு அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்தில், பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தது 2022இல் உலகச் செய்தியானது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் எங்கள் வீட்டில் இரண்டு வாளிகள் வைத்தோம். ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. முதல் வாரமே தோற்றுப்போனோம். உக்கும் வாளியில் நாற்றம், புழு. பக்கத்து வீட்டு ராத்தா முகம் சுளித்தார். காரணம் பிறகுதான் விளங்கியது: ஈரக்கழிவை மட்டும் கொட்டி, காற்றுப் புக வழியில்லாமல் மூடியிருந்தோம். இப்போது வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள். ஒவ்வொரு நாளும் கழிவின்மேல் ஒரு பிடி தும்புத்தூள் அல்லது காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறோம். மீன் கழிவை வாளியில் போடுவதில்லை. தென்னையடியில் ஆழமாகப் புதைக்கிறோம். மூன்று மாதத்தில் கைக்குக் கிடைத்தது கறுத்த, மண்வாசமுள்ள பசளை. முற்றம் இல்லாதவர்களும் மாடியில் ஒரு வாளி வைக்கலாம்.

சொப்பின் பைதான் பெரிய சோதனை. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் அதை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் சட்டம் நம் கையில் பையைத் தந்துவிடாது. நான் எத்தனையோ நாள் துணிப்பையை மறந்துவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். இப்போது அது சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்குகிறது. நம் வாப்பாமார் மீனை உமலில்தானே கொண்டுவந்தார்கள்? நான் மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோகிறேன். மீன்காரக் காக்கா முதலில் சிரித்தார். இப்போது அவரே கையை நீட்டிப் பாத்திரத்தைக் கேட்கிறார்.

சோற்று விடயத்துக்கு வருவோம். கீழே விழுந்த கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உணவின் எப்பகுதியில் பறகத் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது என்பதே அதற்கான காரணம். ஆனால் நம் கலியாண வீடுகளில் ஒரு சஹனில் எவ்வளவு மிஞ்சுகிறது! முதலில் குறைவாக வைத்து, கேட்பவர்களுக்கு மீண்டும் கொடுத்தால் மரியாதை குறைந்துவிடுமா? கை படாத மீதியை அன்றே அயல்வீடுகளுக்கு அனுப்பலாமே.

எல்லாவற்றிலும் வென்றுவிட்டோம் என்று சொல்லமாட்டேன். பேரப்பிள்ளை வரும் நாட்களில் பம்பர்ஸ் பை நிறைந்துவிடுகிறது. பகலில் துணி, இரவில் மட்டும் பம்பர்ஸ் என்ற அளவில்தான் நிற்கிறோம். ஒன்றை மட்டும் அடியோடு விட்டுவிட்டோம்: பொலித்தீனை எரிப்பது. ஒருநாள் அந்தப் புகையில் என் இளைய மகள் மூச்சுத் திணறியதைக் கண்ட பிறகு தீப்பெட்டியை எடுக்கக் கை வரவில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். அந்தத் தொல்லையைப் போட்டவர்கள் நாமாக இருந்தால்? இன்றிரவு அடுப்படியில் ஒரு வாளியைக் கூடுதலாக வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் உணவிலும் உழைப்பிலும் பறகத் செய்வானாக! ஆமீன்.