உங்களுக்குத் தெரியுமா? – தொடுவானத்துக்கும் வழக்கு!

● நெதர்லாந்தின் ஹேக் நகரில், ஒரு கட்டடத்துக்குள் கடல் இருக்கிறது! உயரம் 14 மீட்டர், சுற்றளவு 120 மீட்டர். பக்கத்திலுள்ள ஸ்கெவனிங்கென் கடற்கரையை 1881-இல் ஹெண்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக், மனைவியும் சில ஓவியர்களும் கைகொடுக்க, வட்ட ஓவியமாகத் தீட்டினார். மணல்மேட்டின் மேல் கண்ணாடி உருளையை நிறுத்தி, சுற்றிலும் தெரிந்ததை அதில் வரைந்துகொண்டு, பிறகு பெரிதாக்கினார்கள். படத்தின் கீழ் விளிம்பை நிஜ மணல் மறைக்கிறது. மணல் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். அவர் தேர்ந்தெடுத்த மேட்டையோ, உணவகம் கட்டுவதற்காகச் சமன்செய்யும் திட்டம் அப்போதே இருந்தது.

● அதே கடற்கரையில் 1882-இல், பலத்த காற்றுக்கு நடுவே நின்று வரைந்தவர் வான்கா. ஈர வண்ணத்தில் வந்து ஒட்டிய மணலில் பெரும்பகுதியைச் சுரண்டி எடுத்தார். மிச்சம் இன்னும் ஓவியத்திலேயே இருக்கிறது. 2002-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திருடுபோன இந்தப் படம், 2016-இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் கிடைத்தது.

● ரெம்பிராண்ட் வரைந்ததாக அறியப்படும் ஒரே கடற்காட்சிக்கு (1633) அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1990-இல் பாஸ்டனில் களவுபோனது போனதுதான். அருங்காட்சியகச் சுவரில் வெறும் சட்டம் தொங்குகிறது.

● 1850-களின் புகைப்படக் கருவியில் வானமும் கடலும் ஒரே படத்தில் சரியாக விழாது; ஒன்று தெளிந்தால் மற்றது வெளிறிவிடும். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒட்டினார்.

● அதே பிரான்ஸில், 1986-இன் கடற்கரைச் சட்டப்படி, ஊர்ப் பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக வீடு எழுப்ப முடியாது.

● கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் 150 மீட்டர் உயரக் காற்றாலையின் உச்சி, வானம் தெளிவாக இருந்தால், கணக்குப்படி 45 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தலைகாட்டும். சண்டையே அங்கேதான்! உலகப் பாரம்பரியச் சின்னமான இங்கிலாந்தின் ஜுராசிக் கடற்கரைக்கு எதிரே வரவிருந்த 'நாவிடஸ் பே' காற்றாலைத் திட்டத்துக்கு 2015-இல் அரசு அனுமதி மறுத்தது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, கரையிலிருந்து தெரியும் காட்சி கெட்டுவிடும் என்பது. என்னைக் கேட்டால், என் ஓட்டு காற்றாலைக்கே.