பிறவி வெண்திட்டும் நிற உயிரணுக்களும்

சுங்குடிச் சேலையில் வெண்புள்ளி தோன்றுவது சாயம் போனதனால் அன்று. முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறவேயில்லை. மனிதத் தோலிலும் இவ்வாறே ஏறாத நிறம் ஒன்று, ஏறிப் பின்னர் போன நிறம் ஒன்று என இருவகை வெண்மை உண்டு. முன்னது பிறவித் திட்டு. குடும்ப வழியாக வருவது. பின்னது, உடலின் காப்புச் சக்தியே நிற உயிரணுக்களை அழிப்பதால் இடையில் தோன்றும் வெண்புள்ளி நோய்.

மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கிச் சுற்றிலுமுள்ள ஏறக்குறைய 36 தோல் உயிரணுக்களுக்கு வழங்குவது ஒரு நிற உயிரணு. கறுத்தவர்க்கும் சிவந்தவர்க்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. உற்பத்தியின் அளவும் தன்மையுமே வேறு. இவை தோலிலே பிறப்பனவல்ல. கருவில் முதுகுப்புறத்தே தோன்றி, இருபுறமும் நகர்ந்து முன்பக்கத்தை அடைகின்றன. ‘கிட்’ எனப்படும் மரபணு பழுதுபட்டால் இப்பயணமும் பெருக்கமும் குன்றும். ஆகவே நெற்றி, வயிறு, கைகால்களின் நடுப்பகுதி ஆகியவை வெளுத்திருக்க, முதுகந்தண்டை ஒட்டிய தோல் பெரும்பாலும் நிறத்தோடு விளங்கும். நெற்றிக்கு மேல் வெண்மயிர்க் கற்றை பெரும்பாலோர்க்குண்டு. பெற்றோரில் ஒருவர்க்கு இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. தந்தைவழி, தாய்வழி என்ற பேதமில்லை. மருமகளையே குறைகூறும் வழக்கத்திற்கு இதில் ஆதாரம் கிடையாது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், இத்திட்டுள்ள நெசவாளர் கையொப்பமிட்ட பேனாவைத் துடைத்து வைத்ததைக் கண்டோம். இது தொற்றாது; குஷ்டமும் அன்று. குஷ்டத் திட்டில் உணர்ச்சி குன்றும், இதில் குன்றாது. (குஷ்டமும் மருந்தால் குணமாகக்கூடியதே.)

கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் அமர்வது பழைய வழக்கம். வெண்புள்ளி நோயில் மயிர்க்கால்களில் எஞ்சிய நிற உயிரணுக்களை ஒளி தூண்டக்கூடும். அதுவும் வைத்தியர் மேற்பார்வையில்தான், இல்லையேல் தோல் கொப்பளிக்கும். பிறவித் திட்டிலோ தூண்டுவதற்கு அணுக்களே இல்லை. பணம் வீணாவது இங்கேதான்.

நாற்றங்கால் அமைத்துப் பயிரை எடுத்து நடுவது போன்ற முறையே இதற்குப் பயன்படுகிறது. தொடையிலோ பிட்டத்திலோ மெல்லிய தோல் எடுத்து, நொதியிலிட்டு உயிரணுக்களைப் பிரித்து, மேலடுக்கு சுரண்டப்பட்ட திட்டின் மீது பரப்பிக் கட்டுவர். எடுத்த அளவைப்போல் ஏறக்குறைய 10 மடங்குப் பரப்பிற்கு இது போதும். சிறு பொட்டளவு தோல்துண்டுகளைப் பதிப்பதும் உண்டு. நிறம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லப் பரவும். சுற்றுத்தோலோடு முற்றிலும் ஒத்துப்போகும் என்று உறுதி கூறவியலாது. சிலர்க்கு மறுமுறையும் செய்ய நேரிடும். எனினும், பிறவித் திட்டு பொதுவாக வளர்வதில்லையாதலால், பற்றிய நிறம் நிலைக்கும் வாய்ப்பு மிகுதி. வெண்புள்ளி நோயிலோ, பரவல் ஓராண்டேனும் நின்ற பின்னரே இதைச் செய்வர்.

வயலில் வேலை செய்வோர் வெண்பகுதியைத் துணியால் மூடிக்கொள்க. வெயில் அதனை எளிதில் சுடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குச் செல்பவர், திட்டு பிறந்தது முதல் உண்டா, பின்னர் தோன்றியதா என்பதை முதலில் சொல்லவேண்டும். குழந்தைக்குக் காது மந்தமாயிருப்பினும், இரு கண்களின் நிறம் வேறுபட்டிருப்பினும் அதனையும் கூறுக. அது வேறொரு பரம்பரைக் கோளாறாக இருக்கக்கூடும்.