1,000 கிலோ காரை ஒருவர் ஏற்ற முடியுமா?

பழுதாகி நின்றுவிட்ட காரை டிரெய்லரில் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரே ஒருவர் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றுகிறார். கார் மெல்ல மேலேறுகிறது. எப்படி?

காரின் எடை 1,000 கிலோ, டிரெய்லர் தளத்தின் உயரம் 60 செ.மீ. என்று கொள்வோம். நேராகத் தூக்கினால் 1,000 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 3 மீட்டர் நீளச் சாய்பலகை வழியே இழுத்தாலோ, நீளம் உயரத்தைப்போல் 5 மடங்கு. ஆகவே 200 கிலோ விசை போதும். உராய்வுக்காகச் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். காரில் ஒரு கப்பியை மாட்டி, கம்பிவடத்தை அதன் வழியே திருப்பி, நுனியை டிரெய்லரிலேயே கட்டினால் வடத்தின் இழுவிசை பாதியாகும். ஆனால் இரு மடங்கு வடத்தைச் சுருட்டவேண்டும்! மிச்சப் பளுவை வின்ச்சின் பற்சக்கரங்களும் நீண்ட கைப்பிடியும் ஒருவர் கைக்கு அடக்கமாக்கிவிடுகின்றன.

இதெல்லாம் சக்கரங்கள் உருளும்வரைதான். நான்கும் இறுகிக்கொண்டால் டயர்கள் உராய்வதற்கே இன்னும் 600, 700 கிலோ விசை தேவைப்படும். அவ்வளவையும் தாங்காமல் வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசி உயிரையே பறிக்கக்கூடும். சக்கரங்கள் உருளும் நிலையில் வடம் அறுந்தாலோ, காரும் பின்னோக்கி ஓடிவரும். அதனால்தான் முதலில் கியரையும் கைபிரேக்கையும் விடுவிக்கிறார்கள்; வடத்தின் அருகிலோ காருக்குப் பின்னாலோ எவரையும் நிற்க விடுவதில்லை.

ஏற்றிய காரை எங்கே நிறுத்துவது? அதன் எடைமையம் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போனால், வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் கவிழ்த்துவிடலாம்.