நடந்தால் மட்டும் போதுமா?

பூமி நாளுக்கு நாள் வெப்பமடைந்து வருவதைக் கண்டித்து ஜனங்கள் பெருந்திரளாக வீதிக்கு வருவது நம் காலத்துப் பெருங்கிளர்ச்சிகளுள் ஒன்றாகும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்வீடன் தேசத்துப் பாராளுமன்ற வாயிலில் கிரேட்டா துன்பர்க் என்னும் பதினைந்து வயதுப் பெண் தன்னந்தனியே அமர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி அதே கோரிக்கையுடன் தேசங்கள்தோறும் வீதியில் நடந்தவர்கள் 40 இலட்சம் பேர் என்பது ஏற்பாடு செய்தவர்களின் கணக்கு. நம் சென்னை மாணவர்களும் அவ்வியக்கத்தில் சேர்ந்தனர்.

எனினும் நடந்தது என்ன? 2015-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய உலக அரசுகள், யந்திரத் தொழில் தழைப்பதற்கு முன்னிருந்த உஷ்ண நிலையைக் காட்டிலும் 1.5 பாகைக்கு மேல் வெப்பம் ஏறாதிருக்க முயல்வதாக உறுதி கூறின. 2024-ஆம் ஆண்டிலோ அந்த ஏற்றம் ஏறக்குறைய 1.55 பாகையாயிற்று என்று உலக வானிலை நிறுவனம் தெரிவித்தது. ஓர் ஆண்டின் கணக்கைக் கொண்டு உடன்படிக்கை முறிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. ஆகவே, "ஊர்வலத்தினால் ஆவதென்ன?" என்று கேட்பவர் நம்மிடையே பெருகுகின்றனர். அவர்களுக்கு விடை கூறுவது நம் கடமை.

நடைக்குச் சக்தி உண்டு என்பதை நம் தேசம் அறிந்தது போல் வேறெத்தேசமும் அறியாது. 1930-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் தேதி காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, ஏறக்குறைய 240 மைல் நடந்து, தண்டிக் கடற்கரையை அடைந்தார். ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தார். அவர்கள் தொகையோ சிறிது; எதிர்த்து நின்ற சாம்ராஜ்யமோ பெரிது. பின் வெற்றி எவ்வாறு வந்தது? "சுதந்திரம் வேண்டும்" என்று பொதுப்படக் கூவியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஏழையின் கஞ்சியில் விழும் ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்தார்கள். குடிசையில் இருந்தவனுக்கும் அது விளங்கிற்று; ஆட்சியாளருக்கும் அது தைத்தது. வெப்பத்தை எதிர்த்து நடக்கும் நமக்கு உப்பு எது? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

அதைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. மீஞ்சூரிலிருந்து கிழக்கே திரும்பினால் அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் தென்படும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு பிரிவுகள் 1,830 மெகாவாட். 2024-இல் திறக்கப்பெற்ற மூன்றாவது பிரிவு 800 மெகாவாட். அருகிலுள்ள வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். இவ்வளவும் நிலக்கரியை எரித்துப் பெறும் சக்தி. அக்கரியினின்று எழும் கரியமில வாயு உலகம் முழுவதற்கும் பொதுவாகிறது. அதன் சாம்பலோ திருவள்ளூர் மாவட்டத்துக் கரையிலேயே தங்குகிறது. சாம்பற் குழம்பைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்து கொசத்தலையாற்றின் கழிமுகம் தூர்ந்தது. இறாலும் மீனும் குறைந்தன. வெள்ளத்தை வாங்கிக் கடலில் சேர்க்க வேண்டிய வாயும் குறுகிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து அதே கழிமுகத்தில் படர்ந்ததை யாவரும் கண்டனர்.

அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி. அங்குள்ள துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கராகப் பெருக்குவதற்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்ப்பதும் அதனுள் அடங்கும். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணற்கரை அரிக்கப்படும் என்று மீனவர் அஞ்சினர். 2021 ஜனவரி 22-க்கும், மீண்டும் 2023 செப்டம்பர் 5-க்கும் குறிக்கப்பட்ட பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்பினிடையே நடைபெறாது ஒத்திப்போயின. கடல் மட்டம் உயரும் காலத்தில், கடலைத் தடுத்து நிற்கும் மணலையும் சதுப்பையும் காப்பதே நமது உப்பு.

"இவர்கள் ஆலைகளை மூடச் சொல்கிறார்கள், தொழிலாளியின் சோற்றில் மண் போடுகிறார்கள்" என்று ஒரு சாரார் கூறுவர். இதை அலட்சியம் செய்தலாகாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளின் முன் நின்று உழைப்பவருள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர் அநேகர். சித்திரை வெயில் ஏறும்போது அதன் கொடுமையை முதலில் அநுபவிப்பவன் யார்? குளிர்சாதன அறையில் இருப்பவனா, உலையின் முன் நிற்பவனா? வெப்பத்தை எதிர்க்கும் நடையில் அத்தொழிலாளிக்கே முதல் வரிசை உரியது. ஆலையில் குடிநீர், நிழல், உச்சி வேளையில் ஓய்வு, நிலக்கரி நிலையங்கள் மூடப்படுங் காலத்தில் மாற்று வேலை ஆகிய இவற்றைக் கோராத ஊர்வலம் பாதி ஊர்வலமேயாகும்.

ஆதலின் நம் வாலிபத் தொண்டர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. மெரினாவில் நடப்பது நன்று. அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் நடப்பது அதனினும் நன்று. நடந்த மறுநாள் வீட்டில் இருந்துவிடாதீர்கள். மத்திய சர்க்காரின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தில் பேசப்பட்டவற்றின் சுருக்கம் இறுதியில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கப்பட வேண்டும். இவ்வுரிமையை ஜனங்கள் எத்தனை பேர் அறிவர்? அந்த முப்பது நாளில் குப்பம் குப்பமாகச் செல்லுங்கள். திட்ட அறிக்கையைத் தமிழில் எடுத்துரையுங்கள். பெண்களையும் பேசத் துணிவு கொள்ளச் செய்யுங்கள். கூட்டத்தின் முடிவில் குறிப்பு வாசிக்கப்படும்போது ஜனங்கள் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறதா என்று செவி சாய்த்துக் கேளுங்கள். இல்லையேல் எழுந்து மறுத்துரையுங்கள்.

கொடி பிடித்து நடப்பது ஒரு நாள் வேலை; கோரிக்கையைக் கைவிடாது பிடித்து நிற்பது பல்லாண்டு வேலை. முன்னதற்கு இலட்சம் பேர் கிடைப்பர். பின்னதற்கு ஊருக்குப் பத்துப் பேர் கிடைத்தால் போதும். அப்பத்துப் பேர் திருவள்ளூர்க் கரையோரத்தில் ஒவ்வோர் ஊரிலும் முன்வருவார்களாக.